சொன்னதைச் செய்த குண்டுமணி

அல்லிக்குளத்து நாணல் புதரில் செம்மூக்கி என்ற நீர்ப்பறவை, ஒரு தாழைக்கோழி, கூடு கட்டிக் குடியிருந்தாள். அந்த வருஷம் அவளுக்குப் பிறந்த குஞ்சுகளில் மூத்தவன் பெயர் குண்டுமணி. உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கு மட்டும் சிவப்பு. குண்டுமணி விதையின் அதே இரண்டு நிறம். அதனால் அந்தப் பெயர்.

குண்டுமணி நல்ல பிள்ளை. அம்மா சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டான். செம்மூக்கியின் தலைவலியே அதுதான்.

ஒருநாள் காலையில் கூட்டில் ஒரே சத்தம். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி அவள் எல்லாக் குஞ்சுகளையும் அதட்டினாள். மற்றவை சற்று நேரம் அடங்கியிருந்துவிட்டு மறுபடி கத்த ஆரம்பித்தன. குண்டுமணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் அவள் கொழுத்த பூச்சியாகப் பிடித்து வந்து நீட்டியும் திறக்கவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாலும் பதில் இல்லை. போதும், வாயைத் திறக்கலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் பூச்சி உள்ளே போனது.

எத்தனை தடவைதான் சொல்வது என்று அவள் கத்தினால், அவன் யோசித்துப் பார்த்து, "மூணு தடவை சொன்னீங்கம்மா. நேத்து சொன்னதையும் சேர்த்தா நாலு" என்பான். குறும்பு கிடையாது. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்ட திருப்திதான் இருக்கும். அதைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் எரிச்சல் கிளம்பும்.

மற்ற குஞ்சுகளுக்கு அவள் இதையெல்லாம் சொல்லித் தந்ததே இல்லை. அம்மாவின் குரல் ஒரு மாதிரி இழுத்தால் ஓடி ஒளிய வேண்டும், வேறு மாதிரி இழுத்தால் கொஞ்சப் போகிறாள் என்று அவை தாமாகவே கண்டுகொண்டன. இவனுக்கு மட்டும் ஏன் விளங்கவில்லை? வேண்டுமென்றே செய்கிறான் என்று ஒருநாள் நினைப்பாள். பாவம், மந்தம் என்று மறுநாள் நினைப்பாள்.

பக்கத்துப் புதரில், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி அக்கா இருந்தாள். பேச வந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். ஒருநாள் அப்படித்தான் காலையில் வந்தவள், வெயில் ஏறிய பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். குஞ்சுகளுக்கு இன்னும் இரை தேடவில்லை. செம்மூக்கி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாசூக்காக, "உங்க வீட்டுல தேடப் போறாங்கக்கா" என்றாள்.

"அவங்க வீட்டுல யாரும் இல்லையேம்மா" என்றான் குண்டுமணி. "பெரியப்பா வடகரைக்குப் போயிருக்கார்னு இப்பதானே சொன்னாங்க."

"அதானே" என்று நாமக்கோழி அக்கா இன்னும் வசதியாக உட்கார்ந்தாள்.

செம்மூக்கி அவனை முறைத்தாள். அம்மா ஏன் முறைக்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. பெரியம்மாவைச் சரியாக உபசரிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான். "நீங்க நிதானமா இருங்க பெரியம்மா. நீங்க வந்தா லேசுல போக மாட்டீங்கன்னு அம்மாவுக்கு நல்லாத் தெரியும். தினமும் சொல்வாங்க" என்றான்.

நாமக்கோழி அக்காவின் முகம் சுருங்கிப்போனது. தண்ணீரில் இறங்கிப் போய்விட்டாள்.

செம்மூக்கிக்கு மானம் போயிற்று. அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அன்று வெடித்தது. "உன்னை வச்சுக்கிட்டு என்னால முடியாதுடா. தென்கரையில காட்டுப்பூனை இருக்கு பாரு, அதோட வீட்டுக்கே போய் இரு. நான் நிம்மதியா இருக்கேன்!" என்று கத்திவிட்டு, விருட்டென்று இரை தேடக் கிளம்பினாள்.

வாய் நிறையப் பூச்சியோடு அவள் திரும்பி வந்தபோது கூட்டில் குண்டுமணி இல்லை. மற்ற குஞ்சுகளைப் பார்த்தாள். அண்ணன் பூனை வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றன. போகாதே என்று அவை தடுத்தனவாம். அம்மா சொல்லை மீறக் கூடாது என்று அவன்தான் கேட்காமல் போய்விட்டானாம்.

வாயிலிருந்த பூச்சி தண்ணீரில் விழுந்தது.

தென்கரையில் ஒரு மருதமரம் குளத்தின் மேல் சாய்ந்து நிற்கும். அதன் வேருக்கடியில்தான் காட்டுப்பூனையின் பொந்து. செம்மூக்கி அடித்துப் பிடித்து நீந்திப் போய், கரைக்குச் சற்றுத் தள்ளியிருந்த நாணலுக்குள் நின்று பார்த்தாள். தண்ணீரை ஒட்டிய வேரில் குண்டுமணி சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். ஒரு முழம் தள்ளிப் பூனை படுத்திருந்தது.

அது ஏன் இவனை இன்னும் விட்டுவைத்திருக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்தது. குஞ்சு ஒரு வாய்க்குக் காணாது. தேடிக்கொண்டு தாயும் வந்தால் வயிறு நிறையும்.

பூனை அவளைப் பார்த்துவிட்டது. "வாம்மா செம்மூக்கி. பிள்ளையைப் பத்திரமா பாத்துக்கிட்டிருக்கேன். கரையேறி வந்து கூட்டிட்டுப் போ" என்றது. குரலில் தேன் ஒழுகியது.

"வாங்கம்மா" என்று குண்டுமணியும் கூப்பிட்டான். "இவங்க ரொம்ப நல்லவங்க. எனக்குப் பசிக்குதான்னு கேட்டாங்க. அவங்களுக்கும் பசிக்குதாம்."

இந்த நேரத்திலும் இப்படிப் பேசுகிறானே என்று அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "நல்லா இருக்குடா. ஏன் அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கே? அது மடியிலேயே ஏறி உட்காரேன்."

குண்டுமணி சரியென்று தலையாட்டிவிட்டு, பூனையை நோக்கி நகர்ந்து, அதன் முன்னங்காலை ஒட்டி உட்கார்ந்தான். பூனையின் வால்நுனி மட்டும் மெல்ல அசைந்தது.

தன் வாயிலிருந்து எது விழுகிறதோ அதைத்தான் அவன் செய்வான் என்பது அப்போதுதான் செம்மூக்கிக்கு உறைத்தது. கூடவும் மாட்டான், குறையவும் மாட்டான். அவள் மனதில் இருப்பது அவனுக்குக் கேட்காது. ஆத்திரத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எடுத்தாள்.

"குண்டுமணி, நான் இப்போ சொல்றதைச் செய். தண்ணியில குதி. அடியில முழுகு. இந்த நாணலுக்கு வர்ற வரைக்கும் தலையை வெளியே நீட்டாதே."

அடுத்த நொடி 'தொபுக்' என்று சத்தம் கேட்டது. ஏன் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. போய் வருகிறேன் என்று பூனையிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அதை அம்மா சொல்லச் சொல்லவில்லையே. பூனை பாய்ந்தது. அதன் நகத்தில் ஒரு சின்ன இறகுதான் மிஞ்சியது.

நாணலுக்குள் தலையை நீட்டிய குண்டுமணி, "குதிச்சேன், முழுகினேன், வந்துட்டேன்" என்றான்.

கூட்டுக்கு வந்ததும் அவனை இறக்கைக்குள் வைத்து அணைத்துக்கொண்டாள். அவன் உள்ளேயிருந்து மெல்லக் கேட்டான்.

"நீங்கதானேம்மா அங்கே போகச் சொன்னீங்க?"

"சொன்னேன். ஆனா நீ போகணும்னு சொல்லலை."

"பின்னே எதுக்குச் சொன்னீங்க?"

"எனக்கு ரொம்ப அலுப்பா இருந்துச்சு. அதைச் சொல்றதுக்குப் பதிலா இதைச் சொல்லிட்டேன்" என்றாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அலுப்பா இருக்குன்னே சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் அலகால் அவன் தலையைக் கோதிவிட்டாள்.

அன்று முதல் அவள் அவனுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினாள். யாராவது பேசினால் பேச்சை மட்டும் கேட்காதே, முகத்தையும் பார், எந்த நேரத்தில் பேசுகிறார்கள் என்று பார், யாரிடம் பேசுகிறார்கள் என்று பார் என்றாள். அப்படியும் புரியாவிட்டால் என்னையே கேள் என்றாள். அவனும் கேட்டான். எல்லாவற்றுக்கும் கேட்டான். மழை வருகிறது, உள்ளே வா என்றால், மழையில் நனைந்துகொண்டே நின்று, "நிஜமாவாம்மா, கோபமா?" என்பான். சாப்பிட வா என்றாலும் அதே கேள்விதான். செம்மூக்கிக்குச் சில நாள் தலையைக் கொண்டுபோய்ச் சேற்றில் புதைத்துக்கொள்ளலாம் போலிருக்கும். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள். நாமக்கோழி அக்கா அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை. அது வேறு வருத்தம்.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. கூட்டின் ஒரு பக்கம் சரிந்து, செம்மூக்கி இரண்டாம் முறையாக இட்டிருந்த முட்டைகள் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டன. மழை விட்டதும் அவள் மிச்சமிருந்த கூட்டில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வந்து என்ன என்று கேட்டன.

"எனக்கு ஒண்ணுமில்லை. நீங்க போய் விளையாடுங்க" என்றாள்.

எல்லாம் போயின. குண்டுமணியும் கொஞ்ச தூரம் போனான். பிறகு நின்றான். திரும்பி அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தான். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. மெல்ல நீந்தி வந்து, கூட்டில் ஏறி, அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

"போய் விளையாடச் சொன்னேனேடா" என்றாள் அவள்.

"சொன்னீங்கம்மா" என்றான் அவன். ஆனால் நகரவில்லை.

பேச்சின் பொருள் பாதிதான் சொல்லில் இருக்கிறது. மீதிப் பாதியைக் குழந்தை கற்றுக்கொள்ளும் வரை, பெரியவர்கள்தான் நினைப்பதை நேராகவும் பொறுமையாகவும் சொல்ல வேண்டும்.