முள்ளம்பன்றியின் பலாப் பங்கு

கருமலைக் காட்டில் சடையன் என்று ஒரு முள்ளம்பன்றி தனியாக வாழ்ந்துவந்தது. தனியாக என்றால் உண்மையிலேயே தனியாகத்தான். முதுகு முழுக்க முள்ளை வைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்கார் என்றால் யார் உட்காருவார்கள்?

அதற்கு வயதும் ஏறிக்கொண்டிருந்தது. கிழங்கு தோண்டித் தோண்டி முன்னங்கால் நகங்கள் தேய்ந்துவிட்டன. இன்னும் சில வருஷங்களில் தோண்டவே முடியாது. அன்றைக்கு ஒரு கிழங்கை உருட்டிக் கொடுக்கச் சொந்தம் என்று யாரும் இல்லை. அந்தப் பயம்தான் சடையனைப் பங்கு வாங்க வைத்தது.

அந்தக் காட்டில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. மரத்தைக் காவல் காத்து வளர்க்கிற விலங்கு, தன் மரத்தின் கிளைகளைப் பங்காகக் கொடுக்கும். கிழங்கோ கொட்டையோ கொடுத்து ஒரு கிளையை வாங்கிக்கொண்டால், அதில் காய்ப்பதெல்லாம் வாங்கியவருக்கு. அடையாளமாக அந்தக் கிளைக்கு நேர் கீழே, அடிமரத்துப் பட்டையில், தன் முடியையோ இறகையோ செருகி வைக்க வேண்டும். சடையன் தன் முள்ளைச் செருகியது. பங்கு வேண்டாம் என்றால் அடையாளத்தைப் பிடுங்கிக்கொண்டு குளக்கரைப் பாறைக்குப் போக வேண்டும். அங்கே மைனா ஒன்று காலையில் விலை கூவும்.

சடையன் அவசரப்பட்டு வாங்கவில்லை. முதலில் மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்தது. பிறகு மரத்துக்காரரைப் பார்த்தது. மேட்டில் இருளாயி என்ற கரடி ஒரு பலாவை வளர்த்துவந்தது. பிஞ்சைத் தின்னாது. யானை வந்தால் ஓடாது. சுற்றிலும் முள்வேலி போட்டு வைத்திருந்தது. பேச்சு மட்டும் கிடையாது, உறுமலோடு சரி. சடையனுக்கு அது போதுமாக இருந்தது. தின்றது போக மிச்சமிருந்த கிழங்கைக் கொடுத்து ஒரு கிளை வாங்கியது. பாறைச் சரிவில் ஒரு நெல்லியிலும், ஓடைக்கரையில் ஒரு நாவலிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போட்டது. ஒரு வருஷம் வெள்ளம் வந்து நாவலை வேரோடு கொண்டுபோனது. சடையன் இரண்டு நாள் துக்கம் கொண்டாடியது. மற்ற இரண்டு மரங்களும் நின்றன, அதனால் பிழைத்தது.

பலா காய்த்த வருஷமெல்லாம் பழத்தில் பாதியைத் தின்னாமல் இருளாயிக்கே திருப்பிக் கொடுத்து இன்னொரு கிளை வாங்கிக்கொள்ளும். இப்படியே மரத்தில் சடையனின் முட்கள் பெருகின.

எல்லாம் சரிதான், பேச்சுத் துணைக்கு என்ன செய்வது?

ஒருநாள் சும்மா குளக்கரைப் பாறைக்குப் போய்ப் பார்த்தது. அங்கே ஒரே கும்பல்! மைனா கூவக் கூவ எல்லாரும் பேசினார்கள், சிரித்தார்கள். விற்க வந்தவரைச் சுற்றித்தான் அத்தனை கூட்டமும். நேற்றைவிட நெல்லிக்கு விலை இறங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

"ராத்திரியில் நெல்லிக்கு என்ன ஆச்சு?" என்று சடையன் மைனாவைக் கேட்டது.

"நெல்லிக்கு ஒண்ணும் ஆகலை. இன்னிக்கு விக்க வந்தவங்க ஜாஸ்தி. எத்தனை பேர் வர்றாங்களோ அதை வெச்சுத்தான் நான் கூவுறேன். மரத்தை நான் பார்த்ததே இல்லையே" என்றது மைனா.

இதைக் கேட்டதும் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் சடையன் அடுத்த நாள் நெல்லியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு வந்தது. உடனே எல்லாரும் வழிவிட்டார்கள். ஒரு முயல் ஓடி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தது. அதன் பெயர் மருதன்.

"என்ன அண்ணே, விக்கப் போறீங்களா? ஏன் விக்கிறீங்க? என்ன விலைக்குக் கொடுப்பீங்க?"

சடையனிடம் யாரும் அதுவரை மூன்று கேள்வி சேர்ந்தாற்போல் கேட்டதில்லை. சந்தோஷத்தில் வந்த விலைக்குக் கிளையைக் கொடுத்துவிட்டது. வாங்கியது ஒரு கிழட்டு மந்தி. பொழுது சாயும்வரை மருதன் கூடவே இருந்து, கிடைத்த கொட்டையில் பங்கும் தின்றது. மறுநாள் சடையன் வெறும் வாயோடு போனபோது, மருதன் வேறொரு விற்பனைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பார்த்துத் தலையாட்டியது, அவ்வளவுதான்.

புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த வாரம் சடையன் இன்னொரு நெல்லி முள்ளைப் பிடுங்கியது. தனிமை பொல்லாதது, யாரையும் இப்படித்தான் ஆட்டிவைக்கும். கடைசியில் நெல்லியில் ஒரு முள்கூட மிச்சமில்லை. பலா மட்டும்தான் இருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குளம் சேறானது. பலாப் பிஞ்சுகள் கருகி உதிர்ந்தன. மைனா காலையில் ஒரு விலை கூவியது, மாலையில் அதில் பாதி கூவியது. மரமெல்லாம் செத்துவிட்டது, இனி இந்தக் காடு எழுந்திருக்காது என்று பாறையில் பேசிக்கொண்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறதாம், கூட்டமாகப் போய்விடலாம் என்று முடிவானது. வழியில் தின்ன ஏதாவது வேண்டுமே! ஆளாளுக்குத் தங்கள் அடையாளங்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். மந்தி தன் குகையில் சேர்த்துவைத்திருந்த கொட்டைகளைக் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிப் போட்டது.

மருதன் இந்த முறை தானாகவே சடையனின் வளைக்கு வந்தது.

"அண்ணே, பலாவுல என் பங்கை நான் வித்துட்டேன், நீங்களும் வாங்க. பலாவை வித்துட்டு எங்களோட கிளம்புங்க. இங்க தனியா என்ன பண்ணப் போறீங்க?"

பொய்யாகக் கூப்பிடவில்லை. மனதாரத்தான் கூப்பிட்டது. சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தோடு நடக்கலாம். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். பேசிக்கொண்டே போகலாம்.

"இதோ வர்றேன்" என்று சொல்லிப் பலாவுக்கு ஓடியது. முதல் முள்ளைப் பல்லால் பற்றியது. அடிமரத்தின்மேல் மந்தி காத்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் பிடுங்கு சடையா. எல்லாரும் கிளம்புறாங்க."

சடையன் பல்லை எடுத்தது. "மரம் செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே, அப்புறம் நீ எதுக்கு வாங்குறே?"

மந்தி காதைச் சொறிந்துகொண்டது.

சடையன் குனிந்து, தேய்ந்த நகத்தாலேயே மண்ணைத் தோண்டியது. மேலே புழுதி. அதற்குக் கீழே சரளை. இன்னும் கீழே போனதும் மண் குளிர்ந்தது. வேர் பச்சையாக, ஈரமாக இருந்தது. வேலிக்கு அருகில் இருளாயி எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

"நான் வரலை மருதா" என்றது சடையன், திரும்பி வந்து.

"தனியா இருப்பீங்களா?"

"இருக்கணும்."

கூட்டம் போய்விட்டது. மந்தி தன் குகைக்குள் முடங்கிக்கொண்டது. பேச்சுச் சத்தம் மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கேட்காமல் போனது. சடையன் வெகுநேரம் அங்கேயே நின்றது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடுமையானவை. பசியையாவது காய்ந்த வேரைக் கடித்துச் சமாளிக்கலாம். ஒரு வார்த்தை கேட்காமல் நாளெல்லாம் கிடப்பதைச் சமாளிக்க வழி தெரியவில்லை. தன் குரல் இருக்கிறதா என்று பார்க்க வளைக்குள் தனக்குத்தானே பேசிப் பார்க்கும். விற்றிருக்கலாமோ என்று எத்தனையோ தடவை நினைத்தது. பலாமரத்துக்குப் போகும், முட்களைப் பார்க்கும், திரும்பி வரும். மைனாவும் போய்விட்டதால் விலை சொல்ல ஆளில்லை. மரத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

ஆடியில் மழை வந்தது. சாதாரண மழையில்லை, குளம் உடைகிற மழை. அடுத்து வந்த தையில் பலாவின் உடம்பெல்லாம் பிஞ்சு. சித்திரை முடிவதற்குள் காடு முழுக்கப் பழ வாசனை. சடையனின் கிளைகள் பாரம் தாங்காமல் தாழ்ந்தன. சரிவில் நெல்லியும் குலுங்கக் காய்த்திருந்தது. சடையன் ஆசையாய் வாங்கி, பேச்சுக்காக விற்ற கிளைகளில் மந்தி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

பழம் பழுத்த அந்தக் கோடையில் சடையனின் நகங்கள் அடியோடு உதிர்ந்தன. இனி ஒரு சின்னக் கிழங்கைக்கூடத் தோண்ட முடியாது. தோண்ட வேண்டிய அவசியமும் இல்லை.

போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மருதன் கடைசியாக வந்தது. விலா எலும்பு தெரிந்தது. பலாமரத்துக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றது.

"கிட்ட வா" என்றது சடையன்.

"எனக்கு இங்க பங்கு இல்லையே அண்ணே. நான்தான் வித்துட்டேனே."

சடையன் ஒரு பழத்தை மூக்கால் உருட்டிவிட்டது. மருதன் சுளை சுளையாகத் தின்றது. தின்று முடித்துச் சடையன் பக்கத்திலேயே, முள் படாத அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தது.

"என்னைப் பார்க்க வந்தியா, பசிக்கு வந்தியா?" என்று சடையன் கேட்டது.

முயல் தலையைக் குனிந்துகொண்டது. "பசிக்குத்தான் அண்ணே."

சடையனுக்கு வலித்தது. ஆனால் இந்தப் பழம் இல்லையென்றால் பசிக்கென்றுகூட யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்பதும், தன் பசிக்கே நாதி இருந்திருக்காது என்பதும் அதற்குத் தெரிந்தது.

"பரவாயில்லை, உட்கார்" என்று இன்னொரு பழத்தை உருட்டியது.

வேரைப் பார்த்து வாங்கிய நல்ல பங்கை அது பலன் தரும்வரை கூட்டத்தின் பேச்சுக்காக விற்காமல், தனியாக நிற்கவும் துணிந்தவருக்கே அதன் பலன் கிடைக்கும்.