அரண்மனை வாசலுக்கு வராதவங்க

ஊருன்னா ஊரு, மருதங்காடுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருக்கு ஒரு ராசா, அவருக்குப் பெரியநாச்சின்னு ஒரு ராணி. சரியான வாயாடி. விடிஞ்சிருச்சுன்னு சொன்னாக்கூட ‘ஏன்?’னு கேப்பா.

அந்த ராசா சபையில ஒரு வழக்கம். அமங்கலமா ஒரு வார்த்தை பேசக்கூடாது. செத்தான்னு எவனாவது வாயத் தொறந்தா, மொட்டை அடிச்சு, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல ஏத்திருவாங்க. தாலியறுத்தவங்க அரண்மனைத் தெருவுலயே கால் வைக்கக்கூடாது. அதனால நாட்டுல சனங்க சாகுற விசயமே ராசாவுக்குத் தெரியாது, பாவம். அம்புட்டு மங்கலமான ராச்சியம்!

அந்த வருசம் ஊருக்குள்ள விஷக்காய்ச்சல் வந்துச்சு. திருமேனி வைத்தியர்னு ஒருத்தர் சூரணம் இடிச்சு வீடு வீடாக் குடுத்தாரு. பிழைச்சவனுக்கு மாலையப் போட்டு, பொண்டாட்டியப் பக்கத்துல நிறுத்தி, மேளதாளத்தோட சபைக்குக் கூட்டியாந்தாரு. ஒருத்தன் வந்து ‘பிழைச்சேன் ராசா’ன்னான். இன்னொருத்தன் வந்து ‘பிழைச்சேன் ராசா’ன்னான். அப்புறம் இன்னொருத்தனும் வந்து அதையே சொன்னான். ராசா பூரிச்சுப்போய் வைத்தியருக்குப் பல்லக்கே குடுத்துட்டாரு. பிழைக்காதவன்? அவன் எப்படி வருவான், நீங்களே சொல்லுங்க. அவன் பொண்டாட்டியும் வர முடியாதே!

இப்படி இருக்கையில ராசாவுக்கே காய்ச்சல் கண்டுச்சு. நாளைக்குச் சபையில, நல்ல நேரம் பார்த்து மருந்து குடுக்குறேன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் ராணிக்குப் பூக் கொண்டாந்தது எப்பவும் வர்ற வடிவு இல்ல, வேற ஒரு பொண்ணு.

“ஏன்டி, வடிவு எங்க?”

“அவ இனிமே பூ தொட மாட்டா, மகாராணி.”

“ஐயோ, அவ புருசனுக்கு என்ன?”

“காய்ச்சல்தான்.”

“வைத்தியர் சூரணம் குடுக்கலையா?”

“குடுத்தாரே. அதுக்கப்புறம்தான்...” அந்தப் பொண்ணு சட்டுனு வாயப் பொத்திக்கிட்டா.

ராணி அப்பவே கிளம்பிட்டா. நடந்தே போனா. வடிவு வீட்டுல கேட்டா: சூரணம் உள்ள போச்சு, வாயில நுரை தள்ளிச்சு. அடுத்த வீட்டுல கேட்டா, அதே நுரை. அதுக்கடுத்த வீட்டுல கேட்டா, அதே நுரை. தெரு முழுக்க வெள்ளைச்சேலை.

“இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தியாவது வந்து சொல்லக்கூடாதா?”ன்னா ராணி.

வடிவு சிரிச்சா. “நல்லாருக்கு தாயி உங்க ஞாயம். உள்ள வராதேன்னதும் நீங்க, ஏன் வரலைன்னு கேக்குறதும் நீங்களா?”

ராணிக்குச் சுருக்குன்னுச்சு. ஓடிவந்து ராசாகிட்ட சொன்னா. ராசா கேக்கலையே! “பிழைச்சவங்களை என் கண்ணால பார்த்தேன்டி”ன்னுட்டாரு.

மறுநாள் சபையில வைத்தியர் சூரணத்தைத் தேன்ல குழைச்சுக்கிட்டு நின்னாரு.

“வைத்தியரே, இதைக் குடிச்ச எல்லாருமே பிழைச்சாங்களா?”ன்னு கேட்டா ராணி.

“இந்தச் சபைக்கு வந்தவங்க அத்தனை பேரும் பிழைச்சாங்க, தாயே!”

பொய்யே இல்ல பாருங்க!

“அப்ப நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க.”

“எனக்குக் காய்ச்சல் இல்லையே!”

“வராமக் காக்கும்ல?”

“இன்னைக்கு விரதம் தாயே!”

“மருந்துக்கு ஏதுய்யா விரதம்?”

“பத்தியம் இருக்கணுமே!”

“பத்தியச் சோறு நானே பொங்கிப் போடுறேன்”னு சொல்லிட்டு ராணி கண்ணைக் காட்ட, காவக்காரங்க அவரு தாடையைப் பிடிச்சாங்க. கிண்ணம் உதட்டுல பட்டுச்சோ இல்லையோ, வைத்தியர் அலறினாரு: “வேணாம்! குடிச்சவன்ல பாதிப் பேரு செத்துட்டான்! நானும் செத்துருவேன்!”

சொல்லக்கூடாத அந்த வார்த்தை சபையில விழுந்துருச்சு! அப்புறம் மந்திரி தொண்டையைச் செருமி, கழுதையைக் கொண்டாரச் சொன்னாரு. வழக்கம்னா வழக்கம்தானே! இத்தனை நாளாப் பாதியை விட்டுட்டுச் சொன்னப்பல்லாம் பல்லக்கு, ஒரே ஒரு தடவை முழுசாச் சொன்னதுக்குக் கழுதை.

ராசா கஞ்சித்தண்ணி குடிச்சுப் படுத்தாரு, காய்ச்சல் தானா எறங்கிருச்சு. மாலை போட்டுக்கிட்டு வந்தவனுங்களும் கஞ்சியிலதான் பிழைச்சானுங்களோ என்னமோ, யாரு கண்டா! எந்திரிச்சதும் ராணி அவரை விடல. அந்த வழக்கத்தையே எடுக்க வச்சுட்டா. வடிவும் அவ தெருக்காரங்களும் சபையில முன்வரிசையில வந்து உக்காந்தாங்க.

அவங்க அங்க பேச ஆரம்பிச்சாங்க, நான் இங்க நிறுத்திக்கிறேன். பிழைச்சவன் தானா வந்து சொல்லுவான் கண்ணுங்களா. பிழைக்காதவன் வீட்டுக்கு நாமதான் போய்க் கேக்கணும்.