பிச்சி சேர்ந்த பனிச்சரிவுக் கல்லூரி

"சர்ர்ர்ர்ர்... தொப்!"

இருட்டிய பிறகு மலை உச்சிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. வளைக்குள் படுத்திருந்த செவந்தி திடுக்கிட்டு எழுந்தாள்.

செவந்தி ஒரு மர்மோட். மர்மோட் என்பது பனிமலைச் சாரலில் வளை தோண்டி வாழும் கொழுத்த அணில். பூனையைவிடப் பெரியது, ஆனால் இலை அசைந்தாலும் நடுங்குவது. செவந்திக்கு மூன்று பிள்ளைகள் என்பதால் அவள் மூன்று மடங்கு நடுங்குவாள்.

"சர்ர்ர்ர்ர்... தொப்!"

"என்னங்க, எழுந்திருங்க! மலை சரியுது!"

கணவன் கட்டையன் புரண்டு படுத்தான். "சரிஞ்சா காலையில பார்த்துக்கலாம். தூங்கு."

மூத்த மகள் பிச்சி அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டாள். "அம்மா! மலை சரியலை. யாரோ சறுக்குறாங்க! இங்கே வந்து பாருங்களேன்!"

செவந்தி மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள். உச்சிக்குக் கீழே, வருஷம் முழுக்க உருகாத பனித்திட்டு ஒன்று உண்டு. நிலா வெளிச்சத்தில் அது பால் போலப் பளபளத்தது. அதில் ஒரு நரிக்குட்டி இரண்டு மரப்பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, வில்லிலிருந்து விட்ட அம்பு போல இறங்கியது. அதன் பின்னால் பனித்தூள் வெள்ளி வெள்ளியாக எழும்பியது. கீழே வந்து தொப்பென்று விழுந்து, கலகலவென்று சிரித்தது.

பிச்சி வாயைத் திறந்தவள் மூடவே இல்லை.

மறுநாள் காலையில் அண்டங்காக்கை ஒன்று வளை வாசலில் வந்து உட்கார்ந்தது. "கல்லூரியில் சேரும் வயதில் பிள்ளை இருக்கிறதா? மேலே இருப்பது பனிச்சரிவுக் கல்லூரி! இந்த மலைத்தொடரிலேயே சிறந்த சறுக்கு! வகுப்பிலிருந்து நாலு தாவல் தாவினால் சரிவு!"

அந்த இலையுதிர் காலத்தில் பிச்சி கல்லூரியில் சேர வேண்டியவள்தான். பக்கத்தில் புல்வெளிக் கல்லூரி இருந்தது. அங்கே வளை தோண்டவும், நல்ல வேர் எது என்று பார்க்கவும், ஆபத்து வந்தால் சீட்டி அடிக்கவும் கற்றுத் தருவார்கள். செவந்தி படித்ததும் அங்கேதான்.

"நான் புல்வெளிக் காலேஜ்ல சேரமாட்டேன். அங்கே என்ன இருக்கு? புல்லு!" என்றாள் பிச்சி. "எனக்கு மேலே இருக்குற காலேஜ்தான் வேணும்!"

"வகுப்பு எப்போ ஆரம்பிக்கும்?" என்று செவந்தி காக்கையிடம் கேட்டாள்.

"முதல் பனி விழுந்த மறுநாள். பனி உருகினால் விடுமுறை."

செவந்தி பதறினாள். "அது நாங்க தூங்குற காலமாச்சே!"

"தூங்குகிற காலமா?" காக்கை தலையைச் சாய்த்தது. "பனிக்காலத்தில் உங்களை யாருமே கண்டதில்லையே! நீங்களெல்லாம் தெற்கே போய்விடுகிறீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!"

"எங்கேயும் போறதில்லை. கதவைச் சாத்திட்டு உள்ளே தூங்குறோம்."

"எத்தனை நாள்?"

"ஆறு மாசம்."

காக்கை இறகை உதறிக்கொண்டது. பிறகு, "சரி, அது அவரவர் பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

"கேட்டீங்களா? வெறும் பழக்கம்தான்!" என்று பிச்சி குதித்தாள். "நான் இந்த வருஷம் தூங்கமாட்டேன்!"

கட்டையனுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. "நம்ம வம்சத்துல பனி விழுறதைப் பார்த்தவங்க ஒருத்தர்கூட இல்லை, செவந்தி. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டே பனிக்காலத்தைக் கடந்தவங்க. நம்ம பொண்ணாவது பார்க்கட்டுமே!"

செவந்தி, கட்டையன், பிச்சி மூவரும் கல்லூரியைப் பார்க்கப் போனார்கள். செவந்தி வழிக்கு வேர்களைக் கட்டி எடுத்துக்கொண்டாள். ஏறஏற மூச்சு வாங்கியது. மேலே போய் நின்று பார்த்தார்கள். சரிவு அவ்வளவு நீளம், அவ்வளவு வெண்மை. அதற்குக் கீழே மேகங்கள் மந்தை மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தன. அவர்களுடைய புல்வெளி அதற்கும் கீழே, ஒரு கடுகு மாதிரித் தெரிந்தது.

அப்போது எதிரே இருந்த பாறை கண்ணைத் திறந்தது.

அது பாறை அல்ல, பனிச்சிறுத்தை. கல்லூரி முதல்வர் அவர்தான். சாம்பல் நிற உடம்பு, புகை போன்ற புள்ளிகள், உடம்பளவு நீண்ட வால். அவர் நடந்து வந்தபோது ஒரு கூழாங்கல்கூட நகரவில்லை. செவந்தி தரையோடு தரையாகப் பதுங்கினாள். பயத்தாலா, அந்த அழகாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பயப்பட வேண்டாம்" என்றார் முதல்வர். "எங்கள் கல்லூரியில் ஒரே விதிதான். தினமும் விடியும்போது வருகைப்பதிவு எடுப்பேன். பெயரை மூன்று முறை அழைப்பேன். பதில் சொல்கிறவர் மாணவர். எல்லைக்குள் அவரை யாரும் தொடமாட்டார்கள்."

"பதில் சொல்லாதவர்?" என்று செவந்தி கேட்டாள்.

"சாப்பாடு."

அவர் இதை ஒளிக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"வேண்டாம் கண்ணு, வீட்டுக்குப் போயிடலாம்!" என்று செவந்தி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா! 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்றது ஒரு பெரிய வேலையா? ரெண்டு வார்த்தை!"

பிச்சி கையை உதறிக்கொண்டு, சேர்க்கைப் பலகையில் ஈர மண்ணைத் தொட்டுக் கால்தடம் வைத்துவிட்டாள்.

உச்சியில் முதல் பனி விழுந்தது. பிச்சி மேலே போனாள். அவளுடைய அறைத்தோழி யார் தெரியுமா? அன்று சறுக்கிய அதே நரிக்குட்டிதான். அதன் பெயர் அல்லி. அல்லி அவளுக்குப் பட்டை கட்டக் கற்றுக்கொடுத்தது. முதல் நாள் பிச்சி இருபத்தேழு முறை விழுந்தாள். மூன்றாம் நாள் உச்சியிலிருந்து அடி வரை ஒரே வீச்சில் இறங்கினாள். காற்று மீசையைப் பின்னுக்குத் தள்ளியது. மலை அவளுக்குக் கீழே ஓடியது போலிருந்தது. "நான் பறக்கிறேன்!" என்று கத்தினாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

ஐந்தாம் நாள் அவளுக்குக் கொட்டாவி வந்தது.

ஏழாம் நாள் சறுக்கிக்கொண்டே தூங்கி ஒரு மரத்தில் மோதினாள்.

ஒன்பதாம் நாள் விடியலில் முதல்வர் மூன்றாவது முறை அழைத்த பிறகுதான், "உள்... ளேன்... ஐயா" என்றாள்.

அன்று இரவு அல்லி வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. "பிச்சி, நாளைக்கு எழுந்திடுவேல்ல?"

"ஏன் கேக்குறே?"

"உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றது அல்லி. கொஞ்சம் எச்சில் விழுங்கிவிட்டு, "அதான் கேக்குறேன்" என்றது.

கீழே வளையில் சின்னப் பிள்ளைகள் இருவரும் பந்துபோலச் சுருண்டு தூங்கிவிட்டார்கள். கதவு மட்டும் திறந்தே கிடந்தது. பனிக்காற்று உள்ளே வந்து அவர்கள் முதுகைத் தடவியது.

"கதவைச் சாத்து, செவந்தி" என்று கட்டையன் பாதித் தூக்கத்தில் முனகினான். "சின்னதுங்க விறைச்சுப் போயிடும்."

"சாத்துனா ஆறு மாசத்துக்குத் திறக்க முடியாது. மண்ணு இறுகிடும். பிள்ளை வெளியே இருக்காளே! நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். நீங்க தூங்காம வாசல்ல நில்லுங்க."

"உனக்கா? இலை அசைஞ்சாலே நடுங்குவியே!"

"நடுங்கிக்கிட்டே போறேன்."

செவந்தி வெளியே வந்தாள். வானத்திலிருந்து ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. நட்சத்திரங்கள்தான் பொடிப்பொடியாகிக் கொட்டுகின்றனவோ என்று நினைத்தாள். ஒன்று அவள் மூக்கில் வந்து உட்கார்ந்தது. ஆறு முனை, ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்ன இறகு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீராகிவிட்டது. "கடவுளே!" என்றாள் செவந்தி. "இதைப் பார்க்கத்தான் என் பிள்ளை ஆசைப்பட்டாளா?" மகள்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை. கண்கள் செருகச் செருக, உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

அவள் உச்சியை அடைந்தபோது விடிந்துகொண்டிருந்தது. மாணவர்கள் வட்டமாக நின்றார்கள். செவந்தி ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினாள்.

"பிச்சி!" என்று முதல்வர் அழைத்தார்.

பிச்சி நடுவில் உருண்டையாகச் சுருண்டு கிடந்தாள். அசைவே இல்லை.

"பிச்சி!"

வட்டம் ஓரடி உள்ளே நகர்ந்தது. அல்லி கண்களை மூடிக்கொண்டது. ஆனால் அதன் வாயில் நீர் ஊறியது.

"பிச்சி!"

"உள்ளேன் ஐயா!"

எல்லாரும் திரும்பினார்கள். முதல்வர் மெல்ல வாலைச் சுழற்றினார். "விநோதமாக இருக்கிறதே! பிச்சி என் காலடியில் கிடக்கிறாள். குரல் மட்டும் பாறைக்குப் பின்னாலிருந்து வருகிறது."

செவந்தி வெளியே வந்தாள். அவள் பற்கள் தந்தியடித்தன. "மன்னிச்சுக்குங்க ஐயா. நான் அவளோட அம்மா."

"அம்மாக்களின் பெயர் என் பதிவில் இல்லை."

"தெரியும் ஐயா. அதனாலதான் நீங்க என்னைச் சாப்பிடுறதுக்கு முன்னாடி கேக்குறேன். என் பொண்ணுக்கு டிசி கொடுத்துடுங்க!"

முதல்வர் அவளை உற்றுப் பார்த்தார். இத்தனை நடுக்கத்தோடு இத்தனை நேராக நின்ற ஒருவரை அவர் பார்த்ததே இல்லை.

"கொடுக்கிறேன்" என்றார் கடைசியில். "டிசி வாங்கியவரையும் வாங்க வந்தவரையும் எல்லைக்கல் வரை பத்திரமாக அனுப்பி வைப்பது முதல்வரின் கடமை. அதையும் செய்கிறேன். ஆனால் அம்மா, எல்லைக்கல்லுக்கு அப்பால் நான் முதல்வர் இல்லை."

"அப்போ யாரு ஐயா?"

"பசித்த சிறுத்தை."

எல்லைக்கல் சரிவின் தலைமாட்டில் இருந்தது. செவந்தி மகளை முதுகில் சுமந்து அங்கே வந்தாள். கீழே பார்த்தாள். தலை சுற்றியது. அல்லி பின்னாலேயே ஓடி வந்து, தன் இரண்டு மரப்பட்டைகளை நீட்டியது.

"ஆன்ட்டி, இதைக் கட்டிக்குங்க. முழங்காலை மடக்குங்க. கீழே பார்க்காதீங்க, தூரத்துல பாருங்க. சீக்கிரம் கிளம்புங்க ஆன்ட்டி!" அல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நான் இன்னும் சாப்பிடலை."

செவந்தி முழங்காலை மடக்கினாள்.

சர்ர்ர்ர்ர்ர்!

மலை பிளந்து வழிவிட்டது போல இருந்தது. பைன் மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. சூரியன் அப்போதுதான் எழுந்து, சரிவு முழுவதையும் ஒரே வீச்சில் பொன்னாக்கியது. பின்னால் சத்தமே இல்லை. ஆனால் பனிமேல் நீண்ட வாலோடு ஒரு நிழல் அவளுடைய நிழலைத் தொட நெருங்கியது.

காற்று அறைந்ததில் பிச்சிக்கு அரைக்கண் திறந்தது. "அம்மா... நீங்க சறுக்குறீங்க!"

"ஆமாண்டி! கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

"அம்மா... அழகா இருக்குல்ல?"

"அழகுதான்! அழகுதான்! பேசாம பிடிச்சுக்கோ!"

புல்வெளி கடுகாக இருந்தது, களமாக விரிந்தது, வளை வாசல் தெரிந்தது. வாசலில் கட்டையன் இமைகளைக் கையால் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். "செவந்தி, குனி! குனி!" என்று அலறினான். சிறுத்தை பாய்ந்தது. செவந்தி குனிந்தாள். அல்லியின் பட்டைகள் வாசற்படியில் மோதி முறிந்தன. தாயும் மகளும் கட்டையனோடு சேர்ந்து மூன்று பேராக உருண்டு வளையின் அடிவரை போனார்கள். ஒரு பெரிய பாதம் உள்ளே வந்து, வெற்று மண்ணைத் தடவிவிட்டு வெளியே போனது.

"நன்றாகச் சறுக்கினீர்கள், அம்மா" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். அதில் வருத்தமும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

செவந்தி பிச்சியைத் தம்பி, தங்கைக்கு நடுவில் கிடத்தினாள். வாசலுக்கு வந்து கற்களை உருட்டி வைத்தாள். இடுக்குகளில் காய்ந்த புல்லைத் திணித்தாள். அதன்மேல் மண்ணை அப்பினாள். கடைசியாக, கட்டையன் நீட்டிய குச்சியை வாங்கி, உள்பக்கம் குறுக்கே போட்டுத் தாழிட்டாள்.

விழித்திருக்கும்போது நம்மை மயக்கும் இடம் எத்தனை அழகாக இருந்தாலும், அயர்ந்து கண்மூடும் நேரத்திலும் நம்மைக் காக்கும் இடத்தைத்தான் படிக்கவும் வாழவும் தேர்ந்தெடுக்க வேண்டும்.