முதுகில் தாகமெடுத்த விருந்தாளி

காட்டோரக் குட்டையில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. தவளைகள் சேற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. மீன்கள் கடைசிப் பள்ளத்தில் ஒன்றின்மேல் ஒன்று புரண்டன. கொக்கு மட்டும் ஒற்றைக் காலில் மகிழ்ச்சியாக நின்றது.

"வத்தட்டும், வத்தட்டும்! தேடாமலே மீன் கிடைக்கும்!" என்றது.

"எல்லாத்தையும் தின்னு முடிச்ச பிறகு?" என்று கேட்டது ஆமை.

"எனக்கு இறக்கை இருக்கு. உனக்கு?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அங்கே சிலுப்பன் என்றொரு நீர்நாய் இருந்தது. அதற்கு ஒரு மாயம் தெரியும். வாலை நனைத்துக்கொண்டு தன்னைத்தானே சுற்றினால் மனிதனாகிவிடும். வால் மட்டும் மறையாது. வேட்டிக்குள் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அது காய்ந்தால் முதலில் மீசை நீளும். பிறகு ரோமம் முளைக்கும். பிறகு பழைய நீர்நாய்தான்.

"தோப்புக்காரர் மோட்டார்தான் நம்ம தண்ணியை உறிஞ்சுது. நான் போய்க் கேட்கிறேன். மனுஷங்க வீட்டுக்குள்ள என்னதான் செய்யறாங்கன்னு பார்க்க எனக்கும் ரொம்ப நாளா ஆசை!" என்றது சிலுப்பன்.

"பாரு, பாரு! உன் தோலை உரிச்சுப் பை தைப்பாங்க!" என்று கொக்கு சிரித்தது.

சிலுப்பன் மனிதனாகித் தென்னந்தோப்பு வீட்டுக்கு நடந்தது. வெயில் கொளுத்தியது. வாசலை அடைவதற்குள் மீசை காதுவரை நீண்டுவிட்டது.

வீட்டுக்கார அம்மா செல்லாத்தா எட்டிப் பார்த்தாள்.

"வாங்க, வாங்க! வேகாத வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க!"

ஒரு சொம்பு நிறையக் குளிர்ந்த தண்ணீரை நீட்டினாள். யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிலுப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. சொம்பை வாங்கியது, திரும்பி நின்று முழுவதையும் தன் முதுகில் ஊற்றிக்கொண்டது!

"ஐயோ, என்னங்க இது!"

"எனக்கு முதுகிலதாங்க தாகம்!"

வால் நனைந்தது. மீசை சுருங்கியது. செல்லாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கணவர் நாச்சிமுத்து நாளிதழைக் கீழே வைத்தார்.

"தம்பி என்ன விஷயமா வந்தாப்ல?"

"எங்க பக்கம் தண்ணியே இல்லைங்க. சின்னது பெருசு எல்லாரும் காய்ஞ்சு கிடக்கிறோம்."

"அட, அவ்வளவுதானா? எல்லாரையும் கூட்டிட்டு வாங்க! தண்ணி இல்லைன்னு இந்த வாசல்ல யாருக்கும் சொன்னதில்லை!" என்றார் நாச்சிமுத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சிலுப்பன் அதை அப்படியே நம்பியது. மோட்டார் பேச்சையே மறந்து குட்டைக்கு ஓடியது.

"நம்ம எல்லாரையும் கூப்பிடறாங்க! கிளம்புங்க!"

நகர முடிந்தவை எல்லாம் கிளம்பின. மீன்கள் மட்டும் பள்ளத்தில் தவித்தன. கொக்கு அலகைத் தீட்டியது. ஓடி வந்ததில் வால் காய்ந்து சிலுப்பன் பழைய நீர்நாயாகிவிட்டிருந்தது. மறுபடி வாலை நனைக்கலாம் என்றால் மீன்களுக்கே தண்ணீர் போதவில்லை. சிலுப்பன் நீர்நாயாகவே முன்னால் நடந்தது.

சாயங்காலம் வாசலில் சத்தம் கேட்டு நாச்சிமுத்து கதவைத் திறந்தார். படியெல்லாம் தவளை. கோலத்தின் மேல் நண்டுகள். நடுவில் ஆமை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நீர்நாய்.

"ஏ செல்லாத்தா! அந்தத் தடியை எடு!"

"கூப்பிட்டீங்களே, வந்துட்டோம்!" என்றது சிலுப்பன்.

"யாரு கூப்பிட்டது?"

செல்லாத்தா கையில் தடி இல்லை. வந்தவர்களுக்கு நீட்டிப் பழகிய சொம்புதான் இருந்தது. அதைப் பார்த்ததும் சிலுப்பன் திரும்பி முதுகைக் காட்டி நின்றது.

செல்லாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாள்.

"நீங்கதாங்க கூப்பிட்டீங்க," என்றாள் கணவரிடம். பிறகு சிலுப்பனிடம், "உங்க வீடு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

சிலுப்பன் வழிகாட்டியது. தோப்பின் பின்புறம் போனதும் நாச்சிமுத்துவின் செருப்பு சேற்றில் புதைந்தது. தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கரண்ட் வந்தால் தானே ஓடிக் குட்டையிலிருந்து இறைக்கும்படி அவர் விட்டுவைத்த மோட்டார் அதை நிரப்பிக்கொண்டிருந்தது. ஓட விட்டவர் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. வழிந்த தண்ணீர் வண்டித்தடத்தில் வீணாக ஓடியது. அந்தப் பக்கம் குட்டையில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

நாச்சிமுத்து மோட்டாரை நிறுத்தினார். மண்வெட்டியை எடுத்தார். தொட்டியிலிருந்து குட்டைக்கு வாய்க்கால் வெட்டி மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் பாய்ந்தது. தவளைகள் குதித்தன!

"இனிமே நானே போட்டு நானே நிறுத்தறேன்," என்றார்.

"என் விருந்து போச்சே!" என்று கொக்கு புலம்பியது.

"உனக்குத்தான் இறக்கை இருக்கே!" என்றது ஆமை, தலையை முழுவதும் வெளியே நீட்டி.

வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தால் மட்டும் போதாது. அந்தத் தண்ணீர் யாருடைய வீட்டிலிருந்து வருகிறது என்றும் போய்ப் பார்க்க வேண்டும்.