அட்டையில் இருந்த போட்டோ

கோயமுத்தூரில் சிதம்பரநாதன் என்றொரு கம்பெனி முதலாளி. "என் சொந்த ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து, அதை விற்கும் அட்டை டப்பாவில் தன் போட்டோவையும் போட்டுவிட்டார். அதில் முக்கால்வாசி யார் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்தது. எழுதியவர்கள் பேரை மட்டும் அழிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

"வெளியீட்டு விழாவுக்கு அமைச்சர் வர்றார். பேரையெல்லாம் தூக்கு" என்றார், புதிதாகச் சேர்ந்த புரோகிராமர் எஸ்தரிடம்.

"பேரைத் தூக்கினா அவங்க எழுதினதையும் தூக்கணும் சார். அதான் லைசென்ஸ்."

"தூக்கு! அடுத்தவன் எழுதினது ஒரு வரி இருந்தாலும் உனக்கு வேலை கிடையாது."

எஸ்தர் ஒரு நகலைப் பத்திரப்படுத்திவிட்டு, சொன்னபடியே செய்தாள்.

விழாவில் முதலாளி பட்டனை அழுத்தினார். திரை இருட்டாகவே கிடந்தது.

"நாம எழுதினது எங்கே?"

"இருக்கு சார். அதை மெஷினுக்குப் புரிய வைக்கிற கம்பைலர் அவங்களோடது. அதையும் தூக்கிட்டேன்."

"நாமளே ஒரு கம்பைலர் எழுது!"

"எழுதறேன் சார். அதை மெஷினுக்குப் புரிய வைக்க ஒரு கம்பைலர் வேணுமே?"

அமைச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப இவரோடதுன்னு என்னதான்மா மிச்சம்?"

எஸ்தர் டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். "இந்தப் போட்டோ ஐயா." பிறகு முதலாளியிடம் மெதுவாக, "நகல் இருக்கு சார், எல்லார் பேரோடயும். போடட்டுமா?"

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போடும்மா."