மட்டி தன் ஓட்டை உதிர்த்த கதை

அந்தக் காலத்தில் கடலடி உயிர்களுக்கும் பேச்சு வரும். இன்று மரத்தைக் குடைந்து வாழும் கடற்புழு அப்போது மணலில் புதைந்து கிடந்த மட்டி. உடல் முழுவதையும் மூடும் கெட்டியான ஓடு அதற்கு இருந்தது.

ஒருநாள் கொள்ளையர் கப்பல் ஒன்று வந்தது. கரையோரக் குப்பத்தில் பதினொரு பேரைப் பிடித்து, கைகால் கட்டி, கப்பலின் அடித்தளத்தில் போட்டார்கள். முத்துக் குளிக்கப் போயிருந்த கொற்றி மட்டும் தப்பினாள். பிடிபட்டவர்களில் அவள் கணவன் நள்ளியும் இருந்தான். காற்று விழுந்துவிட்டதால் கப்பல் கரைக்குப் பக்கத்திலேயே நங்கூரமிட்டு நின்றது. காற்று எழுந்தால் போய்விடும்.

கொற்றி முக்குளித்துப் போய்க் கப்பலின் அடிப்பலகையில் கத்தியால் குத்தினாள்.

"கீழே என்னடா சத்தம்?" என்று மேலே ஒருவன் கத்தினான். ஈட்டி ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு மணலில் இறங்கியது.

அந்த மணலிலிருந்து மட்டி பேசியது. "உடைக்காதே, கேட்டுவிடும். குடைய வேண்டும். என்னை அங்கே வை."

கொற்றி அதை எடுத்துப் பலகையில் பதித்தாள். மட்டி ஓட்டின் விளிம்பால் சுரண்டிச் சுரண்டி உள்ளே போனது. சத்தமே இல்லை. அரை விரல் ஆழத்தில் ஓடு சிக்கிக்கொண்டது.

மேலே பாய் படபடத்தது. "காற்று வந்துவிட்டது! நங்கூரத்தை எடுங்கள்!"

"மட்டி, சீக்கிரம்!"

"ஓட்டை உதிர்த்தால்தான் போக முடியும். உதிர்த்தால் மறுபடி மணலில் வாழ முடியாது, கொற்றி."

கொற்றி பலகையில் காதை வைத்தாள். உள்ளே நள்ளி இருமுவது பலகை வழியாகக் கேட்டது. மட்டிக்கும் கேட்டது.

அது ஓட்டை உதிர்த்தது. தலையில் ஓட்டின் இரண்டு சில்லுகள் மட்டும் மிஞ்சின. அவற்றை வைத்துக்கொண்டு நீள நீளமாகக் குடைந்தது. பலகை தேன்கூடுபோல் ஆயிற்று. கொற்றி ஒரு உதை விட்டாள். தண்ணீரோடு அவளும் உள்ளே பாய்ந்து, நள்ளியின் கட்டை முதலில் அறுத்தாள். பதினொரு பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். கப்பல் மூழ்கியது; கொள்ளையர் அதிலிருந்த சிறு படகில் ஏறி ஓடினார்கள்.

மறுநாள் கொற்றி மட்டியைத் தேடி மூழ்கிய கப்பலுக்குப் போனாள்.

"இனி மரம்தான் எனக்கு வீடு. உங்கள் படகையும் குடைவேன். என்னால் சும்மா இருக்க முடியாது" என்றது அது.

கொற்றி அது குடைந்த பலகையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நாங்கள் தண்ணீரில் விட்டு வைக்கும் படகு உன்னுடையது. கரையில் ஏற்றி வைக்கும் படகு எங்களுடையது" என்றாள்.

அன்று முதல்தான் அந்தப் புழு தலையில் இரண்டு சில்லுகளோடு மரத்துக்குள் வாழ்கிறது. மீனவரும், எவ்வளவு களைத்து வந்தாலும், படகைக் கரைக்கு இழுத்துப் போட்ட பிறகே வீட்டுக்குப் போகிறார்கள்.