இரண்டு மடங்குக் கூடு

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சும் இருந்தது, பேச்சுக்கேற்ற வீம்பும் இருந்தது. கிணற்றடிப் பனைமரத்தில் சடையன் என்ற தூக்கணாங்குருவி தன் பெண்டாட்டி தவிடியோடு குடியிருந்தான். கூடு சின்னது. போன வருஷம் நெரிசலில் மிதிபட்டு ஒரு குஞ்சு செத்துப்போயிற்று.

“இந்தத் தடவை பெரிசா ஒண்ணு கட்டு. இன்னொரு பிள்ளையப் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்ல” என்றாள் தவிடி.

சடையன் கெட்டிக்காரன். அது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும். பழைய கூட்டை அப்படியே விட்டுவைத்து, அதன் ஒவ்வொரு அளவையும் நாரால் எடுத்தான். வயிறு ஒரு நார் அகலம் என்றால் புதிதில் இரண்டு. கழுத்துக்கும் அப்படியே. வாசலுக்கும் அதே கணக்கு. முடித்தபோது இரண்டும் ஒரே அச்சாக, ஒன்று சிறிதும் ஒன்று பெரிதுமாகத் தொங்கின. காகம்கூட வந்து பார்த்து, “அளவுன்னா இதுதாம்ப்பா அளவு!” என்றது. சடையனுக்குத் தலைகால் புரியவில்லை.

தவிடி உள்ளே போனாள். சிறகு எங்கும் உரசவில்லை. அவளுக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாள்.

அந்தப் பனையில் ஒரு சாரைப்பாம்பு ஏறி இறங்கும். பழைய கூட்டின் வாசலில் தலை நுழையாமல் பட்டினியோடு திரும்பிய பாம்பு அது. இருவரும் இரை தேடிப் போயிருந்த ஒரு மத்தியானம் புதுக் கூட்டுக்கு வந்தது. தலை நுழைந்தது. பின்னாலேயே உடம்பும் நுழைந்தது.

தவிடி திரும்பியபோது பாம்பு வயிறு புடைத்து இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டில் ஒரு குஞ்சும் இல்லை. அழுது ஓய்ந்தபின் அவள் ஒரு நாரைப் பழைய வாசலுக்குச் சரியாக நறுக்கி, புதிய வாசலில் வைத்துப் பார்த்தாள். இரண்டு நார் பிடித்தது.

“வாசலை எதுக்குப் பெரிசாக்கினே?”

“எல்லாமே ரெண்டு மடங்கு. வாசலை மட்டும் விட்டா வடிவம் கெட்டுப்போயிருமே” என்றான் சடையன், தலையைக் குனிந்தபடி.

“நாம ரெண்டு மடங்கு ஆகலையே. பாம்பும் ஆகலையே. அதே பழைய பாம்புதானே வந்துச்சு?”

தவிடி பறந்து போனாள். வழியில் கண்ட பெண்குருவிகளிடமெல்லாம் நடந்ததைச் சொல்லி அழுதாள். அவனிடம் அவள் திரும்பவே இல்லை.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. பெண் வந்து நுழைந்து பார்க்கிறது. வாசலில் சிறகு உரசினால் தங்குகிறது. கிணற்றோரப் பனைகளில் ஆடும் அரைக்கூடுகள் எல்லாம், வாசலில் சிறகு உரசாததால் பெண் விட்டுப் போன கூடுகள்தான்.